முதல் மாதிரி ரயில்பாதை: எஞ்சின் வாங்கும் முன் படிக்க வேண்டியது

மாதிரி ரயில் மேல் ஆசை வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் எஞ்சினை வாங்கிவிடுகிறார்கள். கண்ணைக் கவர்வது அதுதானே. எஞ்சின் வந்த பிறகு அதற்கேற்ற தண்டவாளம், தண்டவாளத்துக்கேற்ற பலகை, பலகைக்கேற்ற இடம் என்று பின்னாலிருந்து முன்னால் போக வேண்டியிருக்கும். அந்த எஞ்சின் திரும்பக்கூடிய வளைவு வீட்டில் உள்ள இடத்துக்குள் அடங்காது என்பது கடைசியில்தான் தெரியவரும். அதற்குள் பாதிப் பணம் போயிருக்கும்.

இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இடம், வளைவு, ஸ்கேல், வரைபடம், செலவுப் பட்டியல், அப்புறம்தான் கடை. இந்த விவரங்கள் துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கின்றன, ஒன்றோடொன்று முரண்படவும் செய்கின்றன. நான் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை அடுத்து வருகிறவர் ஒரே இடத்தில் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இலக்கு சின்னது. ஒரு பலகை, ஒரு சுற்றுப்பாதை, ஒரு லூப் லைன் (முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பாதை), ஒரு சைடிங் (வண்டியை நிறுத்தும் முட்டுக் கிளைப்பாதை). அதில் ஒரு ரயில் ஒரு மணி நேரம் கை படாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். மலை, சுரங்கம், பாலம் எல்லாம் அடுத்த லேஅவுட்டுக்கு, அதாவது அடுத்து அமைக்கும் மாதிரி ரயில்பாதைக்கு.

1. இடத்தை அளந்து எழுதுங்கள்

நீளம், அகலம் மட்டும் போதாது. கதவு எவ்வளவு திறக்கும், ஜன்னலைச் சாத்த முடியுமா, பலகையை வெளியே எடுத்தால் வாசலில் நுழையுமா என்று பாருங்கள். பலகையின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் உங்கள் கை எட்டும் தூரம்தான் அதன் அகலம். பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 75 செ.மீ. வரை எட்டும். தடம் புரளும் பெட்டி பெரும்பாலும் எட்டாத மூலையில்தான் புரளும், ஆகவே இதில் சலுகை வேண்டாம்.

ஒரு வட்டம் அடங்க எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வளைவின் ஆரத்தை இரண்டால் பெருக்குங்கள், தண்டவாளப் படுகையின் அகலத்தைக் கூட்டுங்கள், இரு ஓரத்திலும் குறைந்தது 40 மி.மீ. விடுங்கள். ஓரம் விடாமல் தண்டவாளம் போட்டால் புரண்ட எஞ்சின் நேரே தரையில்தான் விழும். N என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் ‘என்’ ஸ்கேலில் 315 மி.மீ. ஆரம் என்றால் 630, படுகை 25, ஓரங்கள் 80, மொத்தம் 735. ஆக 750 மி.மீ. பலகை போதும். அதைவிடப் பெரிய எச்.ஓ. (HO) ஸ்கேலில் 438 மி.மீ. ஆரம் என்றால் 876-இல் தொடங்கி ஒரு மீட்டரில் போய் நிற்கும். அந்த அகலத்துக்கு ஒரு பக்கமிருந்து கை எட்டாது, பலகையைச் சுற்றி நடக்க இடம் வேண்டும்.

2. ஸ்கேலை முடிவு செய்யுங்கள்

ஸ்கேல் என்பது அசல் ரயிலோடு ஒப்பிட்ட விகிதம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் வாங்கும்போது தவறு நேரும். எச்.ஓ. 1:87, பிரிட்டிஷ் ஓ.ஓ. 1:76, ஆனால் இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். ஆக, ஒன்றின் தண்டவாளத்தில் மற்றது ஓடும், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் அளவு இடிக்கும். என் ஸ்கேலின் இடைவெளி 9 மி.மீ. ஆனால் விகிதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. கட்டடங்களும் மனித உருவங்களும் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

இன்னொரு பொறி: மார்க்ளின் எச்.ஓ. ரயில்கள் மூன்று கடத்தி முறையில் ஓடுபவை. தண்டவாளத்தின் நடுவே உள்ள சிறு உலோகப் புள்ளிகள் வழியாகவும் மின்சாரம் எடுக்கும். அதன் சக்கரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மின்காப்புச் செய்யப்படாதவை. அந்த வண்டியைச் சாதாரண இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் உடனே ஷார்ட் ஆகும். அது நல்ல முறைதான், ஆனால் அதில் இறங்கினால் முழுக்க அதிலேயே இருக்க வேண்டும். பழைய பெட்டிகளை மலிவாக வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எதை எடுப்பது? சுற்றிச் சுற்றி ஓட வேண்டும், இடம் ஒரு மேசை அளவுதான் என்றால் என் ஸ்கேல். கண்பார்வை சற்றுக் குறைவு, நுண்ணிய பாகங்களைப் பிடிக்க விரல் தடுமாறுகிறது, அல்லது கையால் பிரித்து மாட்டும் வேலையில்தான் சுகம் என்றால் எச்.ஓ. எடுத்துக்கொண்டு, சுற்றுப்பாதையை விட்டுவிட்டு, அலமாரிப் பலகை போன்ற ஷண்டிங் லேஅவுட், அதாவது வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசைப்படுத்தும் லேஅவுட் போடலாம். 1:220 விகிதத்தில் உள்ள இசட் ஸ்கேல் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு தூசு கூட அதை நிறுத்திவிடும், முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

3. கப்ளிங்கை மறக்காதீர்கள்

கப்ளிங் என்பது ஒரு பெட்டியை அடுத்ததோடு மாட்டும் கொக்கி. ஒரே ஸ்கேல், ஒரே கேஜ், ஆனால் பெட்டிகள் ஒன்றோடொன்று மாட்டாது. இது சர்வ சாதாரணமாக நடக்கும். என் ஸ்கேலில் பழைய ராப்பிடோ கொக்கி ஒரு பக்கம், நக்கிள் கப்ளிங் இன்னொரு பக்கம். எச்.ஓ.-வில் ஐரோப்பிய வளையக் கொக்கி, அமெரிக்க நக்கிள். பிரிட்டிஷ் ஓ.ஓ.-வில் டென்ஷன் லாக். பெட்டியின் அடியில் என்.இ.எம். பாக்கெட் (ஐரோப்பியத் தர அளவில் உள்ள செருகுகுழி) இருந்தால் கொக்கியை இழுத்துக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். அது இல்லாத பழைய வண்டியில் அறுத்து ஒட்டும் வேலை வரும். முதல் எஞ்சினையும் முதல் ஐந்தாறு பெட்டிகளையும் ஒரே கப்ளிங் வகையில் வாங்கிவிடுங்கள். ஒரே நாட்டு ரயில், ஒரே காலம் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் இது தானாகவே அமையும்.

4. வரைபடம் போடுங்கள்

என் ஸ்கேலுக்கு 1500 × 750 மி.மீ. பலகையை எடுத்துக்கொள்வோம். கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 315 மி.மீ. ஆரமுள்ள 45 டிகிரி வளைவுத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். அதைப் பாதியாகப் பிரித்து நடுவே 248 மி.மீ. நேர்த்துண்டுகளைப் பக்கத்துக்கு மூன்றாக வைத்தால் நீளம் ஏறத்தாழ 1400 மி.மீ., அகலம் 655. பலகையில் ஓரம் விட்டு அடங்கும். ஒரு நேர்ப்பக்கத்தில் இரண்டு பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் தண்டவாளத் துண்டு) வைத்து லூப் லைன், இன்னொரு பாயின்ட்டில் ஒரு சைடிங். மூன்று பாயின்ட்டுக்கு மேல் முதல் லேஅவுட்டில் வேண்டாம்.

வண்டியின் நீளத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ஓட்டம் சுகமாக இருக்கும். 26.4 மீட்டர் நீள ஐரோப்பியப் பயணிகள் பெட்டி 1:160-இல் 165 மி.மீ. ஆகிறது. 315 ஆரத்தில் அது ஓடக்கூடும், ஆனால் நடுப்பாகம் உள்ளே சரிந்து மூலைகள் வெளியே துருத்தும். குட்டையான சரக்கு வேகன்களும் நான்கு அச்சு டீசலும் அதே வளைவில் கச்சிதமாக இருக்கும். எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஏற்றம் வேண்டாம். ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை கடக்க என் ஸ்கேலில் ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் வேண்டும். வசதியான ஏற்றம் 2 சதவீதம், அதாவது 50 மி.மீ. ஏற 2500 மி.மீ. ஓட வேண்டும், இறங்க இன்னொரு 2500. மேலே சொன்ன சுற்றுப்பாதையின் மொத்தச் சுற்றளவே 3500 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. கணக்கு இடிக்கிறது. படத்தில் அழகாகத் தெரியும் குறுக்குப் பாலங்கள் பலவும் இந்தக் கணக்கைத் தாண்டி 4, 5 சதவீதத்தில் ஏறுபவை. அங்கே எஞ்சின் சக்கரம் வழுக்கும்.

ரயில் வந்த வழியிலேயே திரும்பிப் போகும் லூப்பையும் தவிருங்கள். இரு தண்டவாள முறையில் இடது தண்டவாளம் சுற்றிப் போய் வலது தண்டவாளத்தோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். அதற்குத் தனிக் கருவி உண்டு, அது இப்போது தேவையில்லை. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளையும் இடத்தில், நடுவே உங்கள் நீளமான வண்டி அளவுக்காவது ஒரு நேர்த்துண்டு வையுங்கள்.

எச்.ஓ. அல்லது ஓ.ஓ.-வில் இடமில்லாதவர்கள் இங்கிள்நூக் என்ற ஷண்டிங் அமைப்பைப் பாருங்கள். இரண்டு பாயின்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மூன்று மூன்று வேகன் நிற்கும். இழுத்துத் தள்ளும் தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் அடங்கும். எட்டு வேகன்களில் குலுக்கிப் போட்டு எடுத்த ஐந்தை அதே வரிசையில் கோக்க வேண்டும். 6720 வரிசைகள் வரலாம் என்பதால் அலுக்காது. இரண்டு அச்சுள்ள குட்டை வேகன்களாக இருந்தால் 1500 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் போதும். உண்மையைச் சொன்னால், ஓட்டுகிற சுகம் வட்டமடிக்கும் ரயிலைவிட இதில்தான் அதிகம் என்பது என் கருத்து.

வரைவதற்கு எக்ஸ்ட்ராக்கேட் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வரைந்து முடித்ததும் முழு அளவில் அச்செடுத்துத் தரையில் விரியுங்கள். திரையில் பெரிதாகத் தெரிந்த லூப் லைனில் உண்மையில் எத்தனை வேகன் நிற்கும் என்பது அப்போதுதான் புரியும்.

5. செலவுப் பட்டியல்

எஞ்சின், பெட்டி, தண்டவாளம், கன்ட்ரோலர் நான்கும் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். விட்டுப்போவது மற்றவை: பிளைவுட், சட்டம், திருகு, கம்பி, சாலிடர், ஜாயினர் (தண்டவாள முனைகளை இணைக்கும் உலோகத் தகடு), பாயின்ட்டைத் திருப்பும் பாயின்ட் மோட்டார், அதற்கான சுவிட்ச், பசை, பெயின்ட், ஜல்லித்தூள், சுத்தம் செய்யும் ஆல்கஹால். கருவி இல்லாதவர்களுக்குச் சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர், அரம், தண்டவாளம் வெட்டும் கட்டர் ஆகியவையும் சேரும். தனித்தனியாகச் சின்னத் தொகைகள்தான், ஆனால் சேர்ந்தால் ஓர் எஞ்சின் விலையை எளிதில் எட்டும்.

பாயின்ட்தான் செலவை ஏற்றுவது. ஒரு பாயின்ட் சேர்த்தால் அதற்கு ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், கூடுதல் கம்பி என்று இரட்டிப்பாகும். கை எட்டும் இடத்தில் உள்ள பாயின்ட்டை விரலால் மாற்றுங்கள், மோட்டாரைப் பிறகு பொருத்தலாம். மொத்தத் தொகையில் கால் பங்குக்கு மேல் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள், அது கட்டாயம் தேவைப்படும்.

தொடக்கப் பெட்டி வாங்கலாமா? வாங்கலாம். எஞ்சின், பெட்டி, சுற்றுத் தண்டவாளம், கன்ட்ரோலர் நான்கும் சேர்ந்து தனித்தனி விலையைவிடக் குறைவாகவே வரும். வாங்கும் முன் இரண்டு கேள்விகள்: அதில் உள்ள வளைவின் ஆரம் என்ன, அதே வகைத் தண்டவாளமும் பாயின்ட்டும் தனியாகக் கிடைக்குமா? படுகையோடு வரும் தண்டவாளங்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பூட்டு, ஒவ்வொரு அளவு. கேட்டோவின் நேர்த்துண்டு 248 மி.மீ., டோமிக்ஸின் நேர்த்துண்டு 280 மி.மீ. இரண்டையும் கலந்தால் சுற்று மூடாது.

மாதிரி ரயில்கள் தொகுதி தொகுதியாகத்தான் தயாராகின்றன. ஒரு தொகுதி விற்றுவிட்டால் அடுத்தது வர மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். ஆகவே தண்டவாளமும் பாயின்ட்டும் ஒரே தடவையில் வாங்குங்கள், இரண்டு நேர்த்துண்டு உபரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த மாதத்தில் எஞ்சின் வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். மின் அடாப்டர் உங்கள் நாட்டு மின்னழுத்தத்துக்கு உரியதா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பழையது வாங்கினால், எஞ்சின் மெதுவாக முன்னும் பின்னும் ஓடும் காணொளியைக் கேட்டு வாங்குங்கள். வேகமாக ஓடுவதைக் காட்டினால் எதுவும் தெரியாது. பல்சக்கரம் விரிசல் விட்ட எஞ்சின் மெதுவாகப் போகும்போதுதான் டக் டக் என்று தடுமாறும்.

6. டி.சி.யா, டி.சி.சி.யா?

டி.சி. என்றால் தண்டவாளத்தில் செல்லும் மின்னழுத்தமே வேகம். 0 முதல் 12 வோல்ட் வரை கூட்டினால் வேகம் கூடும், துருவத்தை மாற்றினால் திசை மாறும். டி.சி.சி. என்றால் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம், ஒலியும் விளக்கும் கட்டுப்படுத்தலாம்.

ஒரே ரயில் ஓடும் சின்ன லேஅவுட்டுக்கு டி.சி. தாராளம். ஆனால் ஒலி வேண்டும், இரண்டாவது எஞ்சின் வரப்போகிறது என்று இப்போதே தெரிந்தால் நேராக டி.சி.சி.-க்குப் போய்விடுவது சிக்கனம். பெட்டியின் மேல் டி.சி.சி. ரெடி என்றிருந்தால் டிகோடரைச் செருக இடம் இருக்கிறது என்றுதான் பொருள். டிகோடர் உள்ளே இல்லை, தனியாக வாங்க வேண்டும். அதிலும் 6 முனை, 8 முனை, 21 முனை, நெக்ஸ்ட்18 என்று பல சாக்கெட்டுகள் உண்டு, கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும். டி.சி. கன்ட்ரோலரையும் டி.சி.சி. கருவியையும் ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் இணைக்கவே கூடாது. புது டிகோடர்கள் 3 என்ற எண்ணோடு வரும். இரண்டாவது எஞ்சின் வந்ததும் முதல் வேலையாக அதன் எண்ணை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும்.

7. பலகை

9 அல்லது 12 மி.மீ. பிளைவுட், அடியில் சட்டம், 40 செ.மீ.-க்கு ஒரு குறுக்குச் சட்டம். முன்பின் இருபுறமும் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாது. எடை குறைவாக வேண்டுமென்றால் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்த்தியான நுரைப் பலகை 50 மி.மீ. தடிமனில் நன்றாக இருக்கும். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம், அதன் துகள் எஞ்சினுக்குள் போகும். நுரைப் பலகையில் கரைப்பான் கலந்த பசை பட்டால் உருகிவிடும், வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். குறுக்குச் சட்டங்களைப் பாயின்ட் வரும் இடத்துக்கு நேர் கீழே வைத்துவிடாதீர்கள், பிறகு மோட்டார் பொருத்த இடமிருக்காது. ஒரு வார இறுதி வேலை, பெயின்ட் காய இன்னொரு நாள்.

8. தண்டவாளம் பதிப்பது

இந்தக் கட்டத்தில் அவசரம் காட்டினால் பின்னால் செய்யும் எதுவும் அதை மறைக்காது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் ஒட்டாமல் முழுச் சுற்றையும் பலகை மேல் அடுக்குங்கள். பாயின்ட்டில் தொடங்கி இரு பக்கமும் போங்கள், ஏனென்றால் நகர்த்த முடியாத அளவு கொண்டது அதுதான். ஒவ்வொரு இணைப்பிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பெரும்பாலும் தண்டவாளம் ஜாயினருக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து தெரியாத நெளிவு அங்கே தெரியும். ஒரு வேகனை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டு சுற்று முழுவதும், சைடிங் முழுவதும், பாயின்ட்டின் இரு வழியிலும் போய் வாருங்கள். விரலுக்குத் தெரியும் சின்னத் தடுக்கல்தான் பின்னால் தடம் புரளும் இடம்.

கடைசித் துண்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தி மூடாதீர்கள். சில மில்லிமீட்டர் இடைவெளியை இழுத்து மூடினால் அந்த இறுக்கம் சுற்றில் எங்கோ ஓர் இணைப்பில் கோணலாக வெளிப்படும். எல்லா இணைப்பையும் சற்றுத் தளர்த்தி இடைவெளியைப் பகிர்ந்து கொடுங்கள், அல்லது சரியான அளவில் ஒரு குட்டைத் துண்டு வையுங்கள். தண்டவாளத்துக்கும் வெயில் காலத்தில் நீள இடம் வேண்டும், நேர்ப்பக்கத்தில் ஒன்றிரண்டு இணைப்புகளில் தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

வளையும் ஃபிளெக்ஸ் தண்டவாளத்தில் இறங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். வளைத்தால் உள்பக்கத் தண்டவாளம் நீண்டு வெளியே வரும், அதை வெட்டி அரத்தால் முனையைத் தேய்க்க வேண்டும். வளைவின் நடுவே இரண்டு துண்டு சேருமானால், நேராக இருக்கும்போதே சாலிடர் செய்துவிட்டுப் பிறகு வளையுங்கள். இல்லாவிட்டால் இணைப்பில் முனை துருத்தும்.

ஒட்டாத நிலையிலேயே ஒன்றிரண்டு வாரம் ஓட்டுங்கள். சைடிங் இந்தப் பக்கம் இருந்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றும், அப்போது மாற்றுவது சுலபம். திருப்தியான பிறகு பசையை மெல்லிய கோடாகத் தடவிப் பதியுங்கள். பாயின்ட்டின் அடியில் பசை வேண்டாம், அது இருபக்கத் தண்டவாளத்தின் பிடியிலேயே நிற்கும். ஆணி அடிப்பவர்கள் ஆணித்தலை கட்டையைத் தொட்டதும் நிறுத்துங்கள். மேலும் அடித்தால் ஸ்லீப்பர் கட்டை நடுவில் அமுங்கி இரு தண்டவாளமும் நெருங்கிவிடும்.

9. மின்சாரம்

தண்டவாள ஜாயினர் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் நம்பத்தக்க அளவுக்கு நெடுநாள் கடத்தாது. தூசும் பெயின்ட்டும் பசையும் உள்ளே போகப் போகத் தூரத்துப் பக்கத்தில் ரயில் தளரும். ஆகவே பலகையின் அடியில் 1.5 சதுர மி.மீ. கம்பி இரண்டை முக்கிய வழியாக ஓட்டி, அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. கிளைக்கம்பிகளைத் தண்டவாளத்துக்குக் கொடுங்கள். மீட்டருக்கு ஒன்று, சைடிங்குக்கு ஒன்று, லூப் லைனுக்கு ஒன்று. வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று நிறத்தை முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள்.

சாலிடர் செய்யும்போது கம்பியின் முனையிலும் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலும் தனித்தனியாக ஈயம் பிடிக்க வைத்துவிட்டு இரண்டையும் சேர்த்துச் சூடுகாட்டுங்கள். இரண்டு நொடியில் முடிந்தால் பிளாஸ்டிக் கட்டை உருகாது. ரோசின் கலந்த சாலிடர் மட்டும், அமிலப் பிளக்ஸ் கம்பியை அரிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். ஒவ்வொரு கிளையை இணைத்ததும் மல்டிமீட்டரால் இரு தண்டவாளத்துக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தையும் இணைத்துவிட்டுத் தேடினால் எது தவறு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃப்ராக் பிளாஸ்டிக்கில் இருந்தால் இணைப்பு எளிது. ஆனால் குட்டை எஞ்சின் அங்கே மின்சாரம் இழந்து நின்றுவிடும். உலோக ஃப்ராக் என்றால் பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அதன் துருவம் மாற வேண்டும், கையேட்டில் உள்ள இணைப்புப் படத்தை அப்படியே பின்பற்றுங்கள். முதல் எஞ்சின் நான்கு அச்சுள்ள, எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் எடுப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் ஃப்ராக்கே போதும்.

காயில் வகைப் பாயின்ட் மோட்டாருக்கு ஒரு நொடி மின்சாரம்தான் தர வேண்டும். அழுத்தி விட்டதும் திரும்பும் சுவிட்சையே போடுங்கள். சாதாரண விளக்குச் சுவிட்ச் போட்டால் காயில் எரிந்துபோகும்.

டி.சி.சி. என்றால் இன்னொரு சோதனை. சுற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் உலோக நாணயத்தை இரு தண்டவாளத்தின் மேலும் வையுங்கள். கருவி உடனே அணைந்துகொள்ள வேண்டும். அணையாத இடத்தில் கம்பி மெல்லியது அல்லது இணைப்பு தளர்வு என்று பொருள். அதைச் சரி செய்யாமல் ரயில் வைக்காதீர்கள், ஷார்ட் ஏற்பட்டால் சக்கரமும் டிகோடரும் கருகும். வீட்டு மின்சாரம் வரும் அடாப்டரை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

10. ஓட்டிச் சோதியுங்கள்

புது எஞ்சினை நடு வேகத்தில் ஒரு திசையில் அரை மணி, மறு திசையில் அரை மணி ஓட விடுங்கள். கையேடு வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். பிறகு மிக மெதுவாக ஓட்டுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சிறு காகிதத்தை ஒட்டுங்கள். எங்கே புரள்கிறதோ அங்கே வேறு நிறக் காகிதம். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் புரண்டால் தவறு தண்டவாளத்தில், ஒரே வண்டி எல்லா இடத்திலும் புரண்டால் தவறு அதன் சக்கரத்தில். எச்.ஓ.-வில் இரு சக்கரங்களின் உள்பக்கத்துக்கு நடுவே ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்க வேண்டும், அது குறைந்த வண்டி பாயின்ட்டில் ஏறிக் குதிக்கும். நீளமான ரயிலைப் பின்னோக்கித் தள்ளியும் பாருங்கள். காகிதங்கள் எல்லாம் கழன்ற பிறகுதான் அடுத்த படி.

11. ஜல்லியும் காட்சியும்

கட்டடங்களையும் நடைமேடையையும் ஒட்டும் முன் உங்கள் நீளமான பெட்டியை வளைவில் ஓட்டி, அதன் மூலை எவ்வளவு துருத்துகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குள் எதுவும் வரக்கூடாது.

படுகையோடு வராத தண்டவாளம் என்றால் ஜல்லித்தூள் போட வேண்டும். உலர்ந்த தூளைக் கொட்டி, மெல்லிய தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்குங்கள். தண்டவாளத்தின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மணியையும் தட்டிவிடுங்கள். சில துளி பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரைப் பனி போலத் தெளித்து நன்றாக நனைத்த பிறகு, பாதி வெள்ளைப் பசை பாதி தண்ணீர் கலவையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் தூள் உருண்டை உருண்டையாகத் திரளும். பாயின்ட்டின் அசையும் நாக்குகளின் அருகே மிகக் கொஞ்சமாகத் தூவுங்கள். அங்கே பசை இறங்கினால் பாயின்ட் போனதுதான். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் காயவிட்டு, தளர்ந்த தூளை உறிஞ்சி எடுங்கள். தூவும் முன் தூளில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்புத்துகள் இருந்தால் அது எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

புல், மரம், மண் ஆகியவற்றை உங்கள் விருப்பப்படி செய்யலாம், அதில் பெரிய தவறு நேராது. தண்டவாளத்தின் மேல் காகித டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள்.

12. சுத்தமும் கோப்பும்

நின்று நின்று ஓடினால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்றோட்டம் வைத்துச் செய்யுங்கள், அது தீப்பற்றும். சக்கரங்களுக்கும் அதே துணி. உப்புத்தாள் தேய்க்காதீர்கள், அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். எண்ணெய் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஊசி முனையில் ஒரு துளி போதும். ஓட்டாத நாட்களில் லேஅவுட்டைத் துணியால் மூடுங்கள்.

ஒரு கோப்பு திறந்து வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, எஞ்சினின் பாகப் படம், டிகோடர் கையேடு, நீங்கள் போட்ட தண்டவாள வரைபடம், கம்பி இணைப்புப் படம் ஆறையும் அதில் வையுங்கள். பாகப் படத்தில் உள்ள எண் இருந்தால்தான் உதிரி பாகம் கேட்க முடியும். பின்னாளில் எஞ்சினை விற்றாலும் பெட்டியும் கையேடும் இருந்தால் நல்ல விலை வரும். டிகோடரில் எண்ணையோ வேறு அளவையோ மாற்றினால் பழையது, புதியது இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். எல்லாம் குழம்பிவிட்டால் பல டிகோடர்களில் 8-ஆம் சி.வி.-யில் (சி.வி. என்பது டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 8 என்று எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அப்போது எஞ்சினின் எண் மறுபடி 3 ஆகிவிடும், அந்த எண்ணிலேயே கூப்பிடுங்கள்.